அரை மூன்று

"அரை மூன்றுக்குப் படகு" என்றார் ஹைகோ தொலைபேசியில்.
நான் மூன்றரை என்று எழுதிக்கொண்டேன்.
கப்பல் ஏஜென்சியில் ஏழு வருஷம்,
இரவு ஷிப்ட், சீனி போடாத கோப்பி,
இப்படியொரு பிழை செய்ததில்லை.

மெரினா சவுத் படித்துறையில்
இரண்டரைக்கே வந்து நின்றிருக்கிறார்,
காலடியில் பை, பைமேல் தலைக்கவசம்.
கிழக்கு நங்கூரத் துறையில் அவர் கப்பல்
எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு காத்திருந்தது.
படகு இல்லை. நானும் இல்லை.

மூன்றேகாலுக்கு நான் ஓடிவந்தபோது
அவர் கோபப்படவில்லை; அதுதான் உறுத்தியது.
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.
எங்கள் பேச்சில்
இரண்டு அடித்ததுமே மூன்றாவது மணி தொடங்கிவிடும்.
அதில் பாதி வந்தாயிற்று என்றால்
அரை மூன்று.

எனக்கோ
இரண்டு கையில் இருக்கிறது,
அதன்மேல் ஓர் அரை ஒட்டியிருக்கிறது.
இருப்பை எண்ணுகிறவள் நான்.
வரவேண்டியதை எண்ணுகிறவர்கள் அவர்கள்.
(சம்பளம் வருமுன்பே செலவழிப்பவள் என்று
என் கணவர் சொல்வது வேறு விஷயம்.)

படகுக் கயிற்றை அவிழ்த்த தெகு சிரித்தான்.
பாத்தாம் தீவுக்காரன்.
"ஸ்தெங்ஙா தீகா", அரை மூன்று,
எங்க ஊரிலும் அது இரண்டரைதானே அக்கா!
டச்சுக்காரர்கள் மறந்துவிட்டுப் போனதாயிருக்கும்
என்றார் ஹைகோ.
சுக்கான் பிடித்த ஜுனைடி அண்ணனுக்கு
அது புதுச் செய்தி. அவரும் மலாய்தான் பேசுகிறார்.
நடுவில் இருபது கிலோமீட்டர் தண்ணீர்,
ஒரு மணி நேரம்.

அலை குறைவு. எண்ணெய் வாடை.
கரைக்கும் கப்பலுக்கும் இடையில்
வேறென்ன பேசுவது?
இரவும் பகலும் சேர்ந்த முழுசுக்கு
டேனிஷ்காரர்களிடம் டொய்ன் என்று தனிச்சொல் உண்டாம்.
நாம் இரண்டையும் நாளுக்குள்ளேயே அடைத்துவிடுகிறோம்.
நண்பகல் முதல் நண்பகல் வரை
கப்பல் ஓடிய தூரத்துக்கு டச்சில் எத்மால்.
ஷ்டுண்ட என்றால் ஜெர்மனியில் சரியாக ஒரு மணி நேரம்,
அதே சொல் ஸ்வீடனில் கொஞ்ச நேரம்.
அதைக் கேட்டால்
ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார்,
மற்றவர் நாற்காலி தேடுவார்.

வாரத்தை அவர்கள் எட்டு நாள் என்பார்களாம்.
அசட்டுக் கணக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.
வெள்ளிக்கு வெள்ளி எட்டு
என்று நானே விரல் மடக்கியது ஞாபகம் வந்து
வாயை மூடிக்கொண்டேன்.

நள்ளிரவிலிருந்து நான்கு வரை
கப்பலில் விழித்திருக்கும் முறைக்கு
நாய்க்காவல் என்று பெயர்.
நாங்கள் அதற்குள்தான் இருந்தோம், நால்வரும்.

அதுவரை பேசாத ஜுனைடி அண்ணன்
எஞ்சினைக் குறைத்தார்.
எண்பத்தொன்றின் கடைசி இரவு
இந்தத் தீவின் கடிகாரங்கள் எல்லாம்
பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டுக்குத் தாவின.
அன்று பதினொன்று நாற்பதுக்கு நான் பிறந்தேன்.
பிரசவ வார்டு சுவரில் ஒரு கடிகாரத்தை மட்டும்
யாரும் திருத்தவில்லை,
அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.
சான்றிதழில் ஜனவரி ஒன்று.
எனக்கு எந்த வருஷம் என்று
உங்கள் மொழி ஏதாவது சொல்லுமா?

ஹைகோ வெகுநேரம் யோசித்தார்.
எந்தச் சொல்லின்படி வெகுநேரம் என்று கேட்காதீர்கள்.
கப்பலின் ஏணி இறங்கி வந்தது,
அவர் ஏறிப் போய்விட்டார்.

விடிந்தபின் அலுவலகத்தில் தாமதப் படிவம்.
காரணம்: வானிலை, கப்பல், முனையம், மற்றவை.
மற்றவையில் குறியிட்டு
பக்கத்தில் இலக்கணம் என்று எழுதினேன்.

மேலாளர் இன்னும் கேட்கவில்லை.
எட்டு நாள் ஆகிறது.
கணினி ஏழு என்கிறது.